பக்கத்து சீட்டின் பிரேக்

டயர் கடைக்காரர்களுக்கு டீயை விட்டால் ஒரே ஒரு பொழுதுபோக்குதான். வண்டி கடைக்குள் நுழைந்து, நின்று, கதவு திறந்து, ஆள் காலைக் கீழே வைப்பதற்குள் அவருடைய வண்டவாளம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவது. நம்முடைய டயர்காரர் அதில் சூரர். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சக்கரங்களைக் கழற்றி மாட்டியதைவிட ஆட்களைக் கழற்றி மாட்டியதுதான் அதிகம்.

ஆளுயரத்துக்கு வெள்ளை ஜீப் ஒன்று வந்தால், "வீட்ல இவரு பேச்சு எடுபடாது. அதான் ரோட்லயாவது உசரமா உக்காந்துக்கலாம்னு" என்பார். துடைத்துத் துடைத்தே சாயம் போன பழுப்பு நிறக் கார் வந்தால், "போன வாரம் போட்ட இண்டிகேட்டர், இன்னும் அணைக்கல பாரு" என்பார். மின்சாரக் கார் என்றால் கடையில் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொள்வார்கள். வண்டி சத்தமே இல்லாமல் வரும். மிச்சம் பிடித்த சத்தத்தை எல்லாம் சொந்தக்காரர் இறங்கியதும் போடுவார். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தொடங்கினால் நாலு டயரும் மாட்டி முடிக்கும்வரை ஓயமாட்டார்.

மனைவி ஓட்ட, கணவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போச்சு. "பார்சல் வந்திருக்கு, பத்திரமா இறக்குங்கப்பா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அந்த ஆள் காதில் விழுந்தாலும் கவலைப்பட மாட்டார்.

ஆனால் அவருடைய முழு வெறுப்பும் ஒரே ஒரு வகைக்குத்தான். தரையோடு தரையாகத் தாழ்ந்த மஞ்சள் கார், பின்னால் ஒரு இறக்கை வைத்தது. அதைக் கண்டால் கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் கடை முழுக்கப் பறந்து காட்டுவார். அலைன்மென்ட் பார்க்கிற கூட்டாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

இதெல்லாம் கேலி. கேலியைத் தாண்டி அவருக்கு ஒரு வித்தை இருந்தது; அதில் அவர் விளையாட மாட்டார். டயர் தேய்ந்திருப்பதைப் பார்த்து ஓட்டுகிறவரின் குணத்தைச் சொல்வார். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் தேவைக்கு மேல் காற்றடித்துக்கொண்டு திரிகிற பந்தாக்காரர். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றே பார்க்காத சோம்பேறி. வீட்டில் குழாய் ஒழுகினாலும் பார்க்க மாட்டார். "பெயின்ட் அடிச்சு ஏமாத்தலாம், டயர்ல ஏமாத்த முடியாது" என்பார். அவருடைய தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையின் டயரைப் பார்த்துவிட்டு, "இவரு எந்த வேலையிலயும் ஒரு வருஷம் தாண்ட மாட்டாரு" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்த மனிதர் இதுவரை ஒன்பது வேலை மாறிவிட்டார். அன்றிலிருந்து குடும்பத்தில் இவர் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது.

அவருடைய சொந்த வண்டியின் டயரை மட்டும் யாராலும் படிக்க முடியாது. கடை வைத்திருப்பவர்தானே, தேய்வதற்கு முன்பே புதிது மாட்டிக்கொள்வார்.

இப்படிப்பட்டவருடைய ஒரே மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறவள். அந்த ஒருவர் அதே ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்கிறவர்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் பெயர் கேட்டிருப்பார், சம்பளம் கேட்டிருப்பார், கோபமாவது பட்டிருப்பார். இவர் கேட்டது இதுதான்:

"என்ன வண்டி வச்சிருக்காரு?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கார்தான்பா" என்றாள் மகள்.

"என்ன கலர்?"

"அது... வெயில்ல ஒரு மாதிரி இருக்கும், நிழல்ல ஒரு மாதிரி இருக்கும். நேர்ல பாருங்களேன்."

"கலர் கிடக்கட்டும். சனிக்கிழமை வரச் சொல்லு. நான் டயரப் பாக்கணும். டயர் சரின்னா சரி, இல்லன்னா இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வேண்டாம்னா நான் அவரக் கட்டிக்க மாட்டேன்பா. ஆனா வேற யாரையும் பாக்காதீங்க. யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். அவள் எதையுமே சத்தமாகச் சொல்கிற பெண் இல்லை. டயர்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். ஆனாலும் சொன்ன வார்த்தையை எப்படி மாற்றுவது? அவருக்கு அது தெரியாது, பழக்கமில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி அரை நாள். மகளும் அந்த மனிதரும் வேலை முடிந்து சேர்ந்தே வருவதாக ஏற்பாடு. டயர்காரர் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். தலையில் சோப்பு நுரை. அப்போது தெருவில் ஒரு பிரேக் சத்தம் கேட்டது பாருங்கள், கிரீச் என்று, பல்லைக் கூசவைக்கிற சத்தம். அதைத் தொடர்ந்து டொம் என்று ஒன்று. சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறுகிற சத்தம் என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

"வந்துட்டான்டா" என்று பக்கெட்டைப் பார்த்துச் சொன்னார்.

துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மனைவி ஜன்னலோரம் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. சட்டையப் போடுங்க, வந்துட்டாங்க."

பல்செட் செய்கிறவர் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். அவ்வளவு உயரம். பேச்சு மட்டும் கொஞ்சமே கொஞ்சம். கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் ஒரு புன்னகை. உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் டீ மேசைக்கு மேலே நின்றது. டயர்காரருக்கு ஆளைப் பிடித்துப்போனது, அதுதான் சங்கடம். நல்ல பையனாகத் தெரிகிறானே, இந்தப் பிரேக் எங்கிருந்து வந்தது என்று டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். மகளோ பிஸ்கட் தட்டை ஒரே இடத்தில் நான்கு முறை நகர்த்தி வைத்தாள்.

"வாங்க தம்பி, வண்டியப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"நானும் வரேன்பா" என்று மகள் எழுந்தாள்.

"நீ இரு. அம்மாவுக்கு உள்ள ஒத்தாச பண்ணு."

வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள். வெயிலிலும் மஞ்சள், நிழலிலும் மஞ்சள். பின்னால் இறக்கை. ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறி, பக்கத்து வீட்டு வக்கீலின் கேட்டைப் பாதி மறித்துக்கொண்டு நின்றது. கைகள் தாமாகவே விரியப் பார்த்தன, அடக்கிக்கொண்டார். நியாயஸ்தர் அல்லவா, நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மண்டியிட்டு, டார்ச் அடித்து, முன் டயரில் கையை வைத்தார்.

பிறகு அடுத்த முன் டயரையும் போய்த் தடவிப் பார்த்தார்.

"தம்பி, மனசுல பட்டத சொல்லிடறேன். ரெண்டு முன் டயர்லயும் வெளி ஓரம் வழிச்சு எடுத்திருக்கு. அப்படின்னா திருப்பம் வந்தாலும் வேகத்தக் குறைக்கறதில்ல. இங்க பாருங்க, திட்டுத் திட்டா தேஞ்சிருக்கு. கடைசி நொடி வரைக்கும் பிரேக்கத் தொடறதே இல்ல, அப்புறம் ஒரே மிதி. பக்கமெல்லாம் கல்லுல உரசின கோடு. நிறுத்தற இடத்துல பொறுமை கிடையாது. மொத்தத்துல, இந்த வண்டிய ஓட்டற ஆளு யாருக்கும் வழி விடற ஆளு இல்ல. சொன்னாக் கேக்கற ஆளும் இல்ல. இப்படிப்பட்ட ஆளோட குடும்பம் நடத்தறது, நெருப்ப மடியில கட்டிக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி."

பல்செட் செய்கிறவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்தார். அங்கே யார் நின்றார்கள் என்று டயர்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா சார்" என்றார் கடைசியில். "நான்தான் ஓட்டறேன். அப்படித்தான் ஓட்டறேன். தப்புதான்."

"இந்தக் கலரு?"

அவர் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். "அதுவும் நான்தான் சார்."

"ஒத்துக்கிட்டீங்க, அது ஒண்ணு நல்ல குணம். ஆனா பொண்ணு தர முடியாது தம்பி. மன்னிச்சிருங்க."

"டயர மாத்திட்டு வந்தா?"

"டயர மாத்தினா டயர்தான் மாறும்."

அந்த உயரமான ஆள் ஒரு சாண் குறைந்துபோனது போல நின்றார். உள்ளே போய் மகள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது என்று டயர்காரர் நினைத்தபோது, வக்கீல் தன் கேட்டுக்குள்ளிருந்து ஹாரனை அழுத்தினார். வெள்ளை ஜீப். விடாமல் அழுத்தினார். பாவம், வீட்டுக்குள் அழுத்த முடியாத ஹாரன்.

"சாவியக் கொடுங்க, நானே நகத்தறேன்" என்று டயர்காரர் வாங்கிக்கொண்டார். கடைக்கு வருகிற எந்த வண்டியையும் அவர்தான் நகர்த்துவார், பழக்கம்.

கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டார். முழங்கால் ஸ்டியரிங்கில் மடார் என்று இடித்தது. மறு காலையும் மடக்கித் திணித்து உட்கார்ந்தால் தொப்பை ஹாரனை அழுத்தியது. எதிரில் வக்கீல், பதிலுக்கு ஹாரன் அடிப்பதாக நினைத்து இன்னும் பலமாக அழுத்தினார். சீட் அவ்வளவு முன்னால் இருந்தது. கண்ணாடியில் பின்பக்கம் தெரிவதற்குப் பதில் அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான் தெரிந்தது. அடியில் மெத்தென்று ஏதோ. இழுத்துப் பார்த்தார். பச்சைப் பூப்போட்ட குஷன். அவர் வீட்டு சோபாவினுடையது. எட்டு மாதமாகக் காணவில்லை என்று அவர் கத்தாத கத்தல் இல்லை. துவைக்கப் போட்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே மனைவி நாளைக் கடத்தியிருந்தார்.

டயர்காரர் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே நின்ற ஆறடி மனிதரைப் பார்த்தார். இந்த சீட்டில் இந்த ஆள் உட்கார வேண்டுமென்றால் காலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். அது சீட் நகர்கிற தண்டவாளத்தின் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. அதன் கீழே கால்மிதி. தொழில்காரர் கண் அல்லவா, தேய்மானத்தைத் தேடித்தான் போகும். வலது கால் படுகிற இடத்தில், சரியாக ஒரு பாதத்தின் முன்பாதி அளவுக்கு, ரப்பர் வழுவழு என்று தேய்ந்து மெலிந்திருந்தது. அங்கே பிரேக் கிடையாது. இல்லாத பிரேக்கை ஒருவர் எட்டு மாதமாக மிதித்திருக்கிறார்.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் வீட்டுக்குள் போனார். குஷன் கையில் இருந்தது. பின்னாலேயே பல்செட் செய்கிறவர். மகள் குஷனைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது.

"யாரு ஓட்டறது?" என்றார் அப்பா.

"நான்தான்பா."

"கலரு?"

"பழைய வண்டிதானே வாங்கினாரு. மூணு இருந்துச்சு. நான்தான் மஞ்சள் எடுக்கச் சொன்னேன். அந்த ரெக்கையும் நான்தான் வைக்கச் சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அவர பார்சல்னு சொல்லுவீங்க. கடையில எல்லாரும் சிரிப்பாங்க."

"இப்படி ஓட்ட எங்க கத்துக்கிட்ட?"

"உங்க வண்டிலதான். பின்னாடி சீட்ல உக்காந்து உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், சின்ன வயசுலேருந்து."

சமையலறை வாசலில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. மனைவி அதை எடுக்கக் குனிந்தவர், சிரிப்பு அடங்கும்வரை நிமிரவில்லை.

இனி என்ன, தடை நீங்கியது என்று நினைப்பீர்கள். டயர்காரருக்கோ இப்போதுதான் பயம் பிடித்தது. கொஞ்சம் முன்னால் தெருவில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, இந்த வண்டியை ஓட்டுகிற ஆளோடு குடும்பம் நடத்த முடியாது என்று மாப்பிள்ளையாக வர இருந்தவரிடமே விளக்கிச் சொன்னது யார்? சொந்த மகளைப் பற்றி, சொந்த வாயால்! அந்தப் பையன் யோசித்துப் பார்த்து, சரிதான் சார், நீங்கள் சொல்வது நியாயம் என்று எழுந்து போய்விட்டால்?

"தம்பி, நான் சொன்னதுல ஒரு விஷயம்" என்று தொடங்கினார். "வெளி ஓரம் தேயறது இருக்கே, அது எப்பவும் ஓட்டறவங்க தப்புன்னு சொல்ல முடியாது. அலைன்மென்ட் சரியில்லன்னாலும் தேயும்."

"சரிங்க சார்."

"திட்டுத் திட்டா இருக்கறது... அது டயர் கம்பெனிக்காரன் பண்ற கோளாறு. இப்பல்லாம் ரப்பரே சரியில்ல. அந்தக் கல்லுல உரசின கோடு, அது நடைபாதையக் கட்டினவனச் சொல்லணும். இவ்வளவு உசரமாவா கட்டுவான்? மொத்தத்துல டயர வச்சு ஒரு ஆளச் சொல்றதுங்கறது... சும்மா ஒரு விளையாட்டுக்கு."

இருபத்தெட்டு வருட வித்தையை மனிதர் இரண்டு நிமிடத்தில் குப்பையில் போட்டார். இதைக் கேட்கக் கூட்டாளி அங்கே இல்லாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

"இல்ல சார், நீங்க சொன்னது எல்லாம் சரிதான்" என்றார் பல்செட் செய்கிறவர். டயர்காரர் குஷனை இறுக்கிப் பிடித்தார். "எட்டு மாசமா பக்கத்துலதானே உக்காந்திருக்கேன். பயமாத்தான் இருக்கும். ஆனா ஆஸ்பத்திரியில இவங்க பேசறதே கேக்காது சார். வண்டில ஏறினதும் பாட ஆரம்பிச்சிருவாங்க. சத்தமா. திருப்பத்துலதான் இன்னும் சத்தமா. அதக் கேக்கறதுக்காகவே உக்காந்திருப்பேன்."

தன் மகள் பாடுவாள் என்பதே டயர்காரருக்குத் தெரியாது. அவர் மகளைப் பார்த்தார். அவள் பிஸ்கட் தட்டை ஐந்தாவது முறையாக நகர்த்தினாள்.

"அப்ப ஏன் தம்பி வெளிய நின்னு பழிய உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? பொண்ணு கிடையாதுன்னு சொன்னப்பகூட வாயத் திறக்கலையே?"

"எனக்குப் பொண்ணு கிடைக்கலன்னா எனக்குத்தான் கஷ்டம் சார். நீங்க இவங்களப் பத்தி அப்படி நெனச்சுட்டா இவங்க தாங்க மாட்டாங்க."

டயர்காரர் குஷனைத் தூசு தட்டுவது போல் தட்டினார். கண்ணில் தூசு விழவேண்டும் என்பதற்காகவே தட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மனைவி கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, ஊரு உலகத்து வண்டியெல்லாம் பாக்கறீங்களே. நம்ம வண்டில என் சீட்டுக்குக் கீழ என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. எழுந்து வெளியே போனார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். கதவைத் திறந்து குனிந்தார். மஞ்சள் காரிலாவது ரப்பர் மெலிந்துதான் இருந்தது. இங்கே அது இல்லவே இல்லை. பாதம் அளவுக்கு ஓட்டை, அதன் அடியில் இருந்த கம்பளமும் நைந்து, அதற்கும் அடியில் தகரம் மினுங்கியது.

"இது மூணாவது மேட்" என்றார் மனைவி. "முதல் ரெண்ட நானே சத்தமில்லாம மாத்திட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னாக் கேக்கற ஆளா நீங்க?"

டயர்காரருக்கு வெட்கமாக இருந்தது. சும்மா இல்லை, காது மடல் சுடுகிற வெட்கம். முன்பின் தெரியாதவர்களின் குணத்தை எல்லாம் டார்ச் அடித்துப் படித்தவர், கையெட்டும் தூரத்தில் ஒருத்தி இருபத்தேழு வருடமாகப் பயந்ததைப் படிக்கவில்லை. அவர் தன் சாவியை எடுத்தார். உயிரே போனாலும் இன்னொருவரிடம் கொடுக்காத சாவி. மகளிடம் நீட்டினார்.

"ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீ ஓட்டு. நான் அம்மா சீட்ல உக்காரறேன்."

மகள் குஷனை வாங்கிப் போட்டு, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அம்மாவும் பல்செட் செய்கிறவரும் பின்னால் ஏறினார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பியது, கிளம்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருமுனைத் திருப்பம் எதிரே வந்தது. வேகம் குறையவில்லை. மகள் மெல்லத் தொடங்கிய பாட்டு உச்சத்துக்குப் போனது. நல்ல குரல். டயர்காரரின் வலது கால், அவரைக் கேட்காமலேயே, ஓட்டைக்குள் இறங்கித் தகரத்தை மிதித்தது.

"இப்ப மிதிச்சா லேட்டு சார்" என்று பின்னாலிருந்து பொறுமையான குரல் வந்தது. "திருப்பம் கண்ணுல பட்டதுமே மிதிச்சிரணும்."

"ஆமாங்க, அப்புறம் மூச்ச விடக்கூடாது" என்றார் மனைவி.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டயர்காரர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கத்தினார்:

"சார் இல்ல, மாமான்னு கூப்பிடுங்க மாப்பிள்ள!"